கிரெனடா குடியுரிமை வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் குடியுரிமையை முதலீட்டின் மூலம் வாங்கலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருவரையும் சேர்க்கலாமாம். ‘இந்திய பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும், யாருக்கும் தெரியாது. கிரெனடா பாஸ்போர்ட்டைக் காட்டி உடனே அமெரிக்கா போய்த் தொழில் தொடங்கலாம்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: முகவர் சொன்னதில் ஒன்று சட்டவிரோதம், மற்றொன்று காலாவதியானது.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9-இன்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்கும் அந்த நாளிலேயே, யாரும் உத்தரவு போடாமலே, உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு பயணம் செய்தால் பாஸ்போர்ட் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும். ‘யாருக்கும் தெரியாது’ என்ற உத்தரவாதத்தை அவரிடம் எழுத்தில் கேட்டுப்பாருங்கள், தரமாட்டார்.

அடுத்து அமெரிக்கா. அந்த நாட்டுடன் கிரெனடாவுக்கு இ-2 முதலீட்டாளர் விசா ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்திவிட்டது. முதலீட்டால் குடியுரிமை பெற்றவர், கிரெனடாவிலேயே தொடர்ந்து 3 ஆண்டுகள் நிலையாக வசித்திருந்தால்தான் அந்த விசாவுக்கு முதன்முறை விண்ணப்பிக்க முடியும். இந்த 3 ஆண்டு நிபந்தனை குடியுரிமை தரும் கிரெனடா விதித்ததல்ல, இ-2 விசாவுக்கு அமெரிக்கா விதித்தது. தொழிற்சாலையை விட்டுவிட்டு நீங்கள் 3 ஆண்டுகள் கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் குடியிருப்பீர்களா?

பணத்துக்கு வருகிறேன். 2024-இல் கட்டணம் உயர்ந்த பிறகு, நான்கு பேர் வரையிலான குடும்பத்துக்குக் கிரெனடா அரசு நிதியில் செலுத்த வேண்டியது 2,35,000 டாலர். இது திரும்ப வராத பணம். பின்னணி விசாரணை, விண்ணப்பக் கட்டணங்கள் தனி. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர்தான். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும் (வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்). ‘மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், நாங்கள் அங்கே கட்டிவிடுகிறோம்’ என்றால் அது ஹவாலா. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

வரி மிச்சமாகும் என்றும் எண்ண வேண்டாம். ஆண்டில் 182 நாட்கள் திருப்பூரில் இருந்தால், எந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தாலும் நீங்கள் இங்கே வரி செலுத்துபவர்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை வாங்கினால் இங்கேயே வசிக்கலாம், தொழிலும் நடத்தலாம். வாக்குரிமை இருக்காது. ஏற்கெனவே உங்களிடம் உள்ள விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு சென்ட்கூட வாங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் ‘நீட்’ எழுதும் எண்ணத்தில் இருக்கிறாளா? 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டைதாரர்கள் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இடங்களுக்கே போட்டியிட முடியும்; இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமென ஒதுக்கிய இடங்களுக்கு முடியாது. உச்ச நீதிமன்றம் 2023-இல் விலக்கு அளித்தது, அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களுக்குத்தான். கிரெனடா குடியுரிமை பெற்று இனிமேல் அட்டை வாங்கப்போகும் உங்கள் மகள் அதில் வரமாட்டாள். அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தையும் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் கருத்து: கிரெனடா பாஸ்போர்ட்டில் ஐரோப்பாவுக்கு விசா இன்றிப் போய்வருவது மட்டுமே நோக்கமென்றால், இந்த விலை கட்டுப்படியாகாது. அந்தச் சலுகையும் நிரந்தரமில்லை. 2023 ஜூலையில் பிரிட்டன் ஒரே அறிவிப்பில், இதேபோல் குடியுரிமை விற்கும் மற்றொரு கரீபியன் நாடான டொமினிக்காவின் நாட்டவருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. இருந்தும் போகத் தீர்மானித்தால், மகள் பெயரை இப்போது சேர்க்காதீர்கள். முகவருக்கு முன்பணம் தருவதற்கு முன், அவருடைய நிறுவனம் கிரெனடா அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் இணையதளத்திலேயே பாருங்கள்.