வரைவு விதிகளுக்குக் கருத்து அனுப்புவது எப்படி? கேள்வி பதில்

பதினான்கு வருடமாக மத்திய, மாநில அரசுகளின் வரைவு அறிவிக்கைகளுக்கு ஆட்சேபணை எழுதி வருகிறேன். கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கும் போகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தவை இவை.

கேள்வி: அண்ணா, வரைவு வந்ததே எங்களுக்குத் தெரிவதில்லை. 60 நாள் என்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது?

மத்திய அரசிதழ் 2015லிருந்து இணையத்தில்தான் வெளியாகிறது. அந்தந்த அமைச்சகத்தின் தளத்திலும் வரைவு இருக்கும். சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வரும் வரைவுகளுக்குக் கருத்துச் சொல்ல 60 நாள். வரைவின் முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 'இந்த அறிவிக்கை அடங்கிய அரசிதழ் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கும் தேதியிலிருந்து' என்கிற மாதிரி இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் தேதியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். ஐந்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

எழுதும்போது உட்பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, அல்லது அரசு மனது வைத்தால்தானா?

இரண்டும் உண்டு. ஒரு சட்டம் 'முன்கூட்டியே வெளியிட்ட பிறகே விதி செய்ய வேண்டும்' என்று சொன்னால், 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 23ஆம் பிரிவு பொருந்தும். வரைவை வெளியிட வேண்டும், தேதி குறிக்க வேண்டும், வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். இது கட்டாயம்.

மற்றவற்றுக்கு 2014இல் மத்திய அரசு வகுத்த முன்-சட்டமியற்றல் கலந்தாய்வுக் கொள்கை இருக்கிறது. வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. அதனால்தான் சில மசோதாக்கள் யாரையும் கேட்காமலே நாடாளுமன்றத்துக்குப் போய்விடுகின்றன.

23ஆம் பிரிவில் ஒரு சிக்கலும் உண்டு. இறுதி விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அப்புறம் 'என் மனுவைப் படிக்கவே இல்லை' என்று வழக்காடுவது கடினம். சொல்ல வேண்டியதை வரைவு நிலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான நல்ல செய்தியும் இருக்கிறது. கைப்பேசி அழைப்பு பாதியில் அறுந்தால் ஒரு ரூபாய் இழப்பீடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதியை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் ரத்து செய்தது. பெற்ற கருத்துகளைப் பரிசீலித்த விதத்தில் வெளிப்படைத்தன்மை போதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். கருத்துக் கேட்பைப் பொதுவான சட்டமாகவே கொண்டுவரலாம் என்று நாடாளுமன்றத்துக்கு யோசனையும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நேசித்துப் படித்தவன் நான்.

கேள்வி: இதெல்லாம் கண்துடைப்புதானே சார்?

பல நேரம் அப்படித்தான் நடக்கிறது. எல்லா நேரமும் இல்லை. சிறு வியாபாரிகள் பதிவு செய்ய 15 நாள் கெடு வைத்த ஒரு வரைவுக்கு, தள்ளுவண்டிக்காரர் எந்தெந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினோம். இறுதி விதியில் 90 நாள் என்று வந்தது. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் எழுதினோம்.

கேள்வி: வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் எழுதினால் குப்பைக்குப் போய்விடுமா?

தமிழிலேயே எழுதுங்கள். ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்பே ஆராயும் முறைக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020இல் வந்தபோது, அதை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்து அனுப்பும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. மக்களுக்குப் புரியாத மொழியில் கேட்பது கேட்பதாகாது. உட்பிரிவு எண்ணை மட்டும் வரைவில் உள்ளபடியே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். போய் என்ன செய்ய வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள்.

2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு தர வேண்டும். (2020 வரைவு இதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது.) நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குபவர் ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். வர வேண்டியவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அதனால் 'யாரும் போகாவிட்டால் கூட்டம் செல்லாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்பே தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கையை வாங்கிப் பாருங்கள். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். அதில் 'அருகில் நீர்நிலை இல்லை' என்று எழுதியிருந்தால், உங்கள் கண்மாயின் படத்தையும் சர்வே எண்ணையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசிவரை உட்கார்ந்திருப்பது. நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே வந்தவர்களுக்கு உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றே கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. நான் போன ஒரு கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வாசித்த குறிப்பில் 'பொதுமக்கள் வேலைவாய்ப்பு கோரினர்' என்று இருந்தது. வெடி வைத்ததில் கிணற்றுச் சுவர் விரிந்ததைப் பற்றி ஒரு அக்கா ஐந்து நிமிடம் பேசினார்; அது ஒரு வரியாகக்கூட இல்லை. மூன்று பேர் எழுந்து சொன்னோம். பேனாவால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தார்கள். நாங்களும் கிளம்பியிருந்தால் அந்தக் கிணறு அந்தக் காகிதத்தில் இருந்திருக்காது.

கேள்வி: ஒரே மாதிரி மின்னஞ்சலை எல்லோரும் அனுப்புவதால் பயனில்லை என்று முன்பு சொன்னீர்கள். 2015இல் பத்து லட்சம் மின்னஞ்சல்தானே இணையச் சமத்துவத்தை, அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்துவதை, காப்பாற்றியது?

அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். டிராய் 118 பக்க அறிக்கையில் 20 கேள்விகள் கேட்டது. பரவலாகப் போன அந்தக் கடிதம் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வேறுபட்ட கட்டணம், அதாவது எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இணையக் கட்டணத்தை மாற்றுவது, பற்றி அடுத்த அறிக்கை வந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஃபேஸ்புக் தன் பயனாளர்கள் வழியாக ஆதரவுக் கடிதங்களைக் குவித்தது. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொல்லி, திரும்ப எழுதச் சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டணத்துக்கே தடை வந்தது. இது வாக்கெடுப்பு இல்லை.

கேள்வி: தோழர், எங்கள் மகளிர் குழுவில் நூறு பேர். பலருக்கு எழுத வராது. ஒரே மனுவில் கையெழுத்தும் ரேகையும் வைத்தோம். அப்போ அதற்கு மதிப்பில்லையா?

நான் அப்படிச் சொல்லவில்லை. கூட்டு மனு வேறு. பாதிக்கப்படுபவர்கள் சேர்ந்து தருவது கனமான ஆவணம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பெயருக்கு எதிரே ஒவ்வொருவரும் தனக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி சொல்லட்டும், எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். 'இரண்டு ஆடு, மேய்ச்சல் அந்தப் புறம்போக்கில்' என்பது போதும்.

கேள்வி: ஆக எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஆமாம், ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பத்து லட்சம் என்பதால்தான் பத்திரிகைகள் திரும்பின. கோப்பைப் பார்க்கும் அதிகாரி எண்ணுவதில்லை என்றாலும் அமைச்சர் எண்ணுவார். ஆனால் திருத்தம் எழுதுபவர் அந்த அதிகாரிதான், அவருக்கு வாசகம் வேண்டும். இதோடு இதை விடுகிறேன். நாலு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் பெயர், முகவரி வெளியே தெரியுமா?

தெரியலாம். 2015இல் டிராய் கருத்து அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டது. 2025 ஜனவரியில் வந்த தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளிலோ, கருத்துகளை வெளியிட மாட்டோம் என்றார்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு, தேவையில்லாத கைப்பேசி எண்ணை எழுதாதீர்கள்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையைச் சூழல் உணர்திறன் மிக்க பகுதியாக அறிவிக்கும் வரைவு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

குறித்த காலத்துக்குள் இறுதி செய்யாவிட்டால் வரைவு காலாவதியாகிவிடும். 2014இல் தொடங்கி 2024 ஜூலை 31 அன்று வந்தது ஆறாவது. ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத வேண்டும். பழைய மனுவின் நகலை வைத்திருந்தால் அரை நாள் வேலை.

கேள்வி: முதியோர் பென்ஷன் நின்றுபோய்விட்டது. இங்கே கேட்கலாமா?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: கண்துடைப்பு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

மேலே மூன்றாவது பதில். சந்தேகம் இருந்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: வந்த கருத்துகளின் தொகுப்பு, ஏற்றவை எவை, மறுத்ததற்குக் காரணம் என்ன.

கேள்வி: மின் கட்டண உயர்வுக்கு எதிராக எங்கே எழுதுவது?

மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 64ஆம் பிரிவுப்படி, மக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே அவர்கள் கட்டண உத்தரவு போட முடியும்.

கேள்வி: நாளை கடைசி நாள். வரைவு நூறு பக்கம். நான் இன்னும் படிக்கவே இல்லை.

நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். உங்கள் தொழிலைத் தொடும் ஒரே ஒரு உட்பிரிவைத் தேடுங்கள். இப்படி எழுதுங்கள்:

'உட்பிரிவு 7(2)இல் "ஏழு நாட்களுக்குள்" என்பதை "முப்பது நாட்களுக்குள்" என்று மாற்ற வேண்டும். காரணம்: நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கேட்கும் மூன்று சான்றிதழ்களில் ஒன்று கிடைக்கவே இருபது நாள் ஆகிறது. அதன் ரசீது இணைப்பு.'

கீழே பெயர், ஊர், தேதி. இன்று இரவே அனுப்புங்கள். ஒப்புகை வராவிட்டால் காலையில் ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள்.