பெயின்ட்பால் போட்டியில் ரெஃப்ரி தப்பாக அவுட் கொடுத்தால் என்ன செய்வது?

ரெஃப்ரி கையை உயர்த்திய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால்தான். பட்டுப் பாடம் படித்தவன் என்பதால் சொல்கிறேன். தெரியாதவர்களுக்கு: பெயின்ட்பாலில் சாயம் நிரப்பிய சிறு குண்டுகளால் சுடுவார்கள். குண்டு மேலே பட்டு உடைந்து சாயத் தடம் விழுந்தால் அவுட். அந்தத் தடத்தைத் துடைத்து மறைப்பது ஏமாற்று வேலை.

இரண்டு வருடம் முன்பு ஏற்காட்டில், காபிச் செடிகளை ஒட்டிய ஒரு மைதானத்தில் ஆடினோம். சேலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர், எதிரில் ஈரோட்டுப் பையன்கள் ஐந்து பேர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. கடைசி ஆட்டத்தில் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர்தான் மிச்சம். என் நண்பன் ஈரப் புதருக்குள் ஊர்ந்துபோய் எழுந்தான். தோளில் ஆரஞ்சு நிறம் பட்டையாக இழுபட்டிருந்தது.

"துடைச்சிட்ட" என்றார் ரெஃப்ரி. அவனோடு என்னையும் சேர்த்து வெளியே அனுப்பினார். ஆட்டம் முடிந்தது.

"செடி உரசினதுங்கண்ணா, கையே வைக்கலைங்க."

"கை உரசுச்சோ செடி உரசுச்சோ, எனக்குத் தெரியறது தடம்தான் தம்பி."

கபடியில் தொட்டதற்குத் தடயம் கிடையாது, அதனால் சண்டை. இங்கே தடயம் சட்டையிலேயே இருக்கிறது, சண்டை வராது என்று நினைத்திருந்தேன். குண்டின் ஓடு ஜெலட்டின். உள்ளே இருக்கும் சாயம் தண்ணீரில் கரையும். துணி கெடக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. ஏற்காட்டுப் பனியில் அதுவே வினையாகிவிட்டது.

துடைத்தால் கூட்டாளியையும் சேர்த்து வெளியேற்றுவது போட்டிகளில் உள்ள வழக்கம்தான். எத்தனை பேர் என்பது தொடருக்குத் தொடர் மாறும். அந்தக் கடுமை தேவை என்றே நினைக்கிறேன். துடைத்து மாட்டினாலும் தான் மட்டும்தான் அவுட் என்றால், ஒருமுறை துடைத்துப் பார்க்கலாமே என்றுதான் எவனுக்கும் தோன்றும். ஆனால் கையால் துடைத்திருந்தால் கையுறையில் சாயம் ஒட்டியிருக்கும் அல்லவா? ரெஃப்ரி அதைப் பார்க்கவே இல்லை. என் மனத்தாங்கல் அது ஒன்றுதான்.

எங்கள் பக்கமும் தப்பு இருந்தது. தோளில் அடி விழுந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உடையாமல் தெறித்துப் போயிருக்கும் என்று நினைத்துவிட்டான். உடையாத குண்டுக்கு அவுட் இல்லை, பக்கத்தில் வேறெதிலோ உடைந்து சிதறிய துளிக்கும் இல்லை. அது சரி, ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவன் அவன் இல்லையே. அடி உறைத்த அந்த நொடியே "பெயின்ட் செக்" என்று கத்தி ரெஃப்ரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தடம் புதிதாக இருக்கும்போது பார்த்திருந்தால், அவுட் என்றாலும் அவன் மட்டும் போயிருப்பான். நான் மிஞ்சியிருப்பேன். (ஜெயித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.)

இன்னொன்று, எவ்வளவு கோபம் வந்தாலும் மைதானத்துக்குள் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். வினாடிக்கு 300 அடி வேகம் வரை வரும் குண்டு, கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அன்றைக்கு அவன் கழற்றப் போனான். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கையுறையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். பேச்சு வந்தால் போனை நீட்டுவான். படத்தில் கையுறை சுத்தமாகத்தான் இருக்கிறது. கழுவுவதற்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்று நான் இதுவரை கேட்டதில்லை.