அண்ணன் வீட்டை எழுதி வாங்கிட்டு அம்மாவுக்கு மருந்து வாங்கித் தரமாட்டேங்கறார், என்ன செய்யறது?

பேர்ணாம்பட்டு பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு 71 வயசு, சுகர், கால்ல ஆறாத புண்ணு. 2021ல வீட்டை அண்ணன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டாங்க, இப்போ அவர் மருந்துக்கும் காசு தர்றதில்ல, முகம் கொடுத்து பேசறதும் இல்ல. கேஸ் போடலாம்னா அம்மா "பெத்த புள்ள மேல கேஸ் போட்டுக்கினு எந்த மூஞ்சிய வச்சிக்கினு தெருவுல நடப்பேன்"னு அழறாங்களாம்.

சகோதரி, வீட்டை அப்புறம் பாத்துக்கலாம், புண்ணு காத்திருக்காது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல பராமரிப்புன்னா சோறு, துணி, இருக்க இடம் மட்டுமில்ல, வைத்தியச் செலவும் சேர்த்திதான், அதனால குடியாத்தம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல அம்மா பேர்ல மனு கொடுங்க, அவங்களால வர முடியலன்னா அவங்க எழுதிக் கொடுத்து நீங்க போகலாம், வக்கீல் வச்சாதான் ஆகும்னு இல்ல. மாசம் 10,000 ரூபா வரைக்கும் உத்தரவு போடலாம். நோட்டீஸ் போனதுல இருந்து 90 நாள்ல முடிக்கணும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அதுவரைக்கும் மருந்துக்கு இடைக்காலத் தொகை வேணும்னு மனுவுலயே கேட்டுடுங்க. அடுக்கம்பாறை ஜிஎச் ஓபி சீட்டு, சுகர் டெஸ்ட் ரிசல்ட், மெடிக்கல் பில்லு ஒண்ணு விடாம சேர்த்து வைங்க. ஒண்ணு சொல்லிடறேன், பொண்ணும் பொறுப்புதான்னு அண்ணன் உங்களையும் இழுக்கலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, நீங்க இதுவரைக்கும் செஞ்ச செலவுக்கும் கணக்கு வச்சுக்கோங்க.

அம்மா கிட்ட இது போலீஸ் கேஸ் இல்ல, மனு கொடுத்ததுக்காக புள்ளைய யாரும் வந்து புடிச்சுட்டுப் போகப் போறதில்லன்னு பொறுமையா சொல்லுங்க, முதல்ல சமரசம்தான் பேசுவாங்க. அந்த இடத்துல வெறும் பணத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. புள்ள பேசலன்ற கவலையில தூக்கமில்லாம, சாப்பாட்டை தள்ளிட்டு மாத்திரையை மறந்தா சுகர் எப்படிம்மா அடங்கும்? மாசம் ஒரு தடவை அண்ணனே கூட்டிட்டுப் போய் செக்கப் காட்டணும்னு சமரசத்துல எழுதி வாங்குங்க, எனக்கு அந்த வரி பணத்தை விட பெருசு.

வீட்டு விஷயம். கவனிச்சுக்கணும்னு நிபந்தனை போட்டு எழுதியிருந்து கவனிக்கலன்னா அதே சட்டத்தோட 23வது பிரிவுல பத்திரத்தை ரத்து பண்ணலாம். நிபந்தனை இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2022ல சொல்லுச்சு, 2025ல சென்னை ஹைகோர்ட் பாசத்துல எழுதிக் கொடுத்தாலே அந்த நிபந்தனை உள்ளுக்குள்ள இருக்குன்னு சொல்லியிருக்கு, ஆனா எழுத்துல இருந்தா சண்டையே பாதி குறையும். சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரத்தோட நகல் எடுத்து, "ஆயுள் வரை பராமரிக்க"ன்ற மாதிரி ஏதாவது வரி இருக்கான்னு பார்த்து எழுதுங்க.