அயடீன் குளிசை: எச்சரிக்கை வந்தவுடன் போடலாமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள பிக்கறிங் அணுமின் நிலைய எச்சரிக்கை போனில் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் உடனே அயடீன் குளிசை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாகாண சுகாதார அதிகாரிகள் போடச் சொன்னால் மட்டும்தான், ஏனென்றால் 2020 ஜனவரி 12 காலையில் ஒன்ராறியோ முழுக்க அலறிய எச்சரிக்கையே தவறுதலாகப் போனது, அதைச் சொல்லிப் போனுக்கு அடுத்த செய்தி வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. குளிசை கதிரியக்க அயடீனிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும், சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருட்களுக்கு ஒன்றும் செய்யாது. குழந்தைக்குத்தான் முதல் தேவை, 40 தாண்டிய நமக்குப் பலன் குறைவு. அம்மாவுக்கு தைராய்டு வருத்தம் என்றீர்களே, அவருக்காகக் குடும்ப வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அப்புறம், ஸ்காபரோவில், நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறீர்கள், குளிசை கையில் இல்லையென்றால் இணையத்தில் பதிந்தால் இலவசமாகவே வீட்டுக்கு அனுப்புவார்கள்.