“அவரும் கேட்டதே இல்லை”

கேள்வி: நான் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தைச் சேர்ந்தவன், வயது 58. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பெர்மிட்டில் 29 வருடம் ஓடிவிட்டது. இந்த வருடக் கடைசியோடு நின்றுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். என் சேமிப்பு முழுவதும் அங்குள்ள வங்கியில் என் பெயரில் இருக்கிறது. கொண்டுவந்தால் இங்கே வரி பிடிப்பார்களா? எதில் போட்டு வைப்பது? வீட்டில் இந்தக் கணக்குவழக்கெல்லாம் தெரியாது. மாதம் 1,200 ரிங்கிட் மனைவியிடம் கொடுத்துவிடுவேன், அவரும் கேட்டதே இல்லை. படுக்கையில் கிடந்த என் அம்மாவைக் கடைசி ஆறு வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

பதில்: எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

வரியை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டு நின்றால், முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே ஐஆர்21 பாரத்தை அங்குள்ள வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வரிக்கணக்கு தீரும்வரை உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரிக்கு உட்பட்ட சம்பளத்தைத் தனிநபர் மலேசியாவுக்குக் கொண்டுவந்தால் 2036 கடைசிவரை இங்கே வரிவிலக்கு உண்டு. யாராவது கேட்டால் காட்ட வரி நோட்டீஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இங்கே தனிநபரின் வங்கி வட்டிக்கும் வரி கிடையாது. ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரைதான் வைப்புத்தொகைப் பாதுகாப்பு.

சரி, இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதியதற்கு வருகிறேன். ‘அவரும் கேட்டதே இல்லை.’ இதை எத்தனை கடிதத்தில் படித்துவிட்டேன்! எழுதுகிற ஆண்கள் எல்லாரும் இதை மனைவிக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் போலவே எழுதுகிறார்கள். எப்படித் தம்பி கேட்பார்? கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்பீர்களோ என்ற பயத்திலேயே 29 வருடத்தை ஓட்டியிருப்பார். உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, ராத்திரி இரண்டு முறை எழுந்து துணி மாற்றியது யார்? ஆறு வருடத்துக்கு ஓர் ஆளை வைத்திருந்தால் அந்த வங்கிக் கணக்கில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ‘என் சேமிப்பு’ என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. அதில் பாதி அவர் சம்பாதித்தது.

என் அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவருடைய பழைய காக்கிக் கால்சட்டைப் பையில் வங்கிப் புத்தகம் கிடைத்தது. அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மா வங்கிக்குப் போனார். கல்யாணப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். கோவிலில் தாலி கட்டியதுதான் எங்கள் வீட்டுக் கல்யாணம். தாலியை எடுத்துக் கவுண்டரில் இருந்தவரிடம் காட்டினார் அம்மா. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடம் அலைந்தோம்.

உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா? 1982 மார்ச் 1 முதல் அது கட்டாயம். தோட்டப்புறத்தில் இன்னும் செய்யாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். உயில் எழுதாமல் நீங்கள் கண்ணை மூடினால், பெற்றோர் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு. அதுவும் பணம் சிங்கப்பூரில் கிடந்தால் அங்குள்ள நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வங்கி தராது. பாஸ்போர்ட்கூட எடுத்திராத ஒரு பெண் அங்கே போய் யாரைப் பார்ப்பார்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது வங்கிக் கணக்கின் முழுத்தொகையை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், முதலில் அவரிடம் மட்டும். அப்புறம் உயில் எழுதுங்கள். எதில் போடுவது என்று கேட்டீர்கள். 75 வயதுக்கு உட்பட்ட மலேசியர் யாரும் ஊழியர் சேமநிதியில் சுயமாகப் பணம் போடலாம், வருடத்துக்கு 100,000 ரிங்கிட் வரை. 2024க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். உங்கள் பெயரில் ஒரு பங்கு போட்டால் அவர் பெயரில் ஒரு பங்கு. உங்கள் கணக்குக்கு அவரையே வாரிசாகப் பதியுங்கள். முஸ்லிம் அல்லாதவருக்கு அந்தப் பணம் நேராகப் பெயர் பதிந்தவர் கைக்கே போகும்.

குளுவாங்கில் உள்ள சேமநிதி அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கவுண்டரில் அதிகாரி கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்லட்டும். தடுமாறினாலும் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.