பின்விளக்கு பியூஸ் ஏன் எரிகிறது?

கேள்வி: காரின் பின்விளக்கைப் போட்டதும் 10 ஆம்பியர் பியூஸ் போய்விடுகிறது. 20 போடலாமா, அண்ணே?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. பியூஸ் தப்பிக்கும், ஒயர் எரியும்!

பின்விளக்குப் பல்புகளைக் கழற்றுங்கள். பியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஒயர் எங்கோ காரின் உலோக பாடியில் தொடுகிறது. ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். பல்பு அணைகிற இடத்தில்தான் கோளாறு. பூட் (காரின் பின்பக்கச் சாமான் பெட்டி) மூடியின் கீல் பக்கம் மடங்கும் ஒயர், அப்புறம் நம்பர் பிளேட் விளக்கு, இரண்டையும் முதலில் பாருங்கள். செம்பனைத் தோட்டத்து ஓரம் நிறுத்தும் கார் என்றால் எலிக்கடியையும் தேடுங்கள். என் பட்டறைக்கு அப்படி நிறைய வருகின்றன. சரிசெய்த பிறகும் அதே சிவப்பு நிற 10 ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும்.