மலைப்புல்லும் 500 கன்றுகளும்

வணக்கம் ஐயா,

நீலகிரிப் புல்வெளிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 'அங்கே மரம் நடுவது மலையைக் கெடுப்பது' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஈரோட்டில் பள்ளி ஆசிரியன். போன மே மாதம் மாணவர்களை அவலாஞ்சிப் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். மலை மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சோலை, மற்றதெல்லாம் மொட்டைக் குன்றுகள். ஒரு காலத்தில் முழுக்கக் காடாக இருந்தது, வெட்டியும் எரித்தும் மேய்த்தும் இப்படி ஆகிவிட்டது என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். அனுமதி வாங்கி அங்கே 500 கன்றுகள் நடலாம் என்று நண்பர்கள் சேர்ந்து யோசித்து வருகிறோம். பூமி சூடாகிக்கொண்டிருக்கும் காலத்தில், மரம் நடாதே என்று ஒருவர் எழுதலாமா? காற்றிலிருக்கும் கார்பனை இழுப்பது மரம்தானே?

செந்தில்

*

அன்புள்ள செந்தில்,

நீங்கள் பிள்ளைகளிடம் சொன்னதைத்தான் என் வாத்தியாரும் எனக்குச் சொன்னார். கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம் என்று மலைக்குக் கூட்டிப்போய், ஒரு புல் சரிவில் எங்களைக் குழி தோண்டவிட்டார்கள். நட்டது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் (வாட்டில்) கன்று. அன்று மாலை கையெல்லாம் கொப்புளத்தோடு, ஏதோ மலையையே காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் இறங்கிவந்தேன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் பிராயச்சித்தமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரா. சுகுமார் என்றால் பலருக்கு யானைதான் நினைவுக்கு வரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்துகொண்டு ஆசிய யானைகளைப் பற்றி ஒரு வாழ்நாள் அளவுக்கு வேலை செய்தவர். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு அவருடைய இன்னொரு வேலையில் பதில் இருக்கிறது. ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் ஆராய்ந்தது நீலகிரியின் சதுப்புகளில் கிடக்கும் கறுப்பு மண்ணை. பீட் என்பார்கள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் செத்து விழும் செடிகொடிகள் காற்று கிடைக்காமல் முழுசாக மக்குவதில்லை, அடுக்கடுக்காகப் படிந்துவிடுகின்றன. கீழே போகப் போகப் பழைய காலம்.

அந்த மண்ணில் என்ன படிக்க முடியும்? உங்கள் ஊர் வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லும் கரும்பும் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்று ஒரே காற்றைத்தான் குடிக்கின்றன. ஆனால் காற்றிலிருக்கும் கார்பனில் சுமார் நூற்றில் ஒரு பங்கு, எடை கொஞ்சம் கூடிய கார்பன்-13. நெல் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கும். கரும்பு அவ்வளவு பார்க்காது. ஒளிச்சேர்க்கையில் நெல்லின் வழிக்குப் பெயர் சி-3, கரும்பின் வழிக்கு சி-4. சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் கரும்பின் கட்சி. மரங்கள் ஏறக்குறைய எல்லாமே நெல்லின் கட்சி. வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பகுதி சி-4, அவை வறட்சியைத் தாங்கும். செடி செத்து மண்ணாகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. எனவே ஒவ்வொரு அடுக்கிலும் கார்பன்-13 எவ்வளவு என்று அளந்தால், அந்தக் காலத்தில் எந்தக் கட்சி ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். (மலைப்புற்களில் சி-3 வகையும் உண்டு. அதனால் 'இது மரம், இது புல்' என்று அப்படியே பிரித்துவிட முடியாது. ஆனால் சி-4 தடம் கிடைத்தால் அது பெரும்பாலும் புல்தான்.)

அளந்ததில் தெரிந்தது இது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, மழை குறைந்து சி-4 புற்கள் ஓங்கியிருந்தன. பிறகு தென்மேற்குப் பருவமழை வலுத்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்துக்குப் போனது. அப்போது சி-3 கை ஓங்கியது. 6,000-இலிருந்து 3,500 ஆண்டுகளுக்கு முன்புவரை மறுபடி வறட்சி, மறுபடி புல்.

ஆக, நீலகிரிப் பழங்குடிகளான தோதவர்கள் (தோடர்கள்) எருமை மேய்ப்பதற்கும் வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கு ஏறுவதற்கும் வெகு காலம் முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. மேய்ச்சலும் தீயும் அங்கங்கே அதன் எல்லையை நகர்த்தியிருக்கலாம். ஆனால் மொட்டையடித்து வந்த நிலம் இல்லை அது.

இன்றைக்கும் அந்த எல்லையைக் காவல் காப்பதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் மே மாதம் போனதால் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை போனால் குன்று முழுக்கச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். புல்லின் குருத்து தரையோடு ஒட்டியிருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்த்துவிடும். சோலை மரத்தின் இளங்கன்றால் அது முடியாது, கருகிச் சாகும். சோலைக்குள்ளே மேலே இலைக்கூரை இருப்பதால் கன்றுகள் தப்பிக்கும்.

இனி நீங்கள் கேட்ட பூமி சூடாகும் விஷயம். 1995-இல் சுகுமாரும் சுரேஷும் ரமேஷும் எழுதிய இன்னொரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வெப்பம் ஏறினால் உறைபனி குறையும். காற்றில் கரியமில வாயு கூடினால் அந்த லாபம் சி-3 கட்சிக்கு, அதாவது மரங்களுக்கு. இரண்டும் சேர்ந்தால் மரம் புல்வெளிக்குள் இறங்கும். காடு பெருகினால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சோலை மரங்கள் நிதானமாக நகர்பவை. அவற்றுக்கு முன்னால் ஓடிவந்து இடம் பிடிக்கப்போவது, நாம் கொண்டுவந்து வைத்த சீகைதான் என்று அவர்கள் அன்றே எச்சரித்தார்கள். வரையாடு மேய்வது புல்லை, அதனால் இடம் இழக்கப்போவது அதுதான். சமவெளியில் ஒரு விலங்குக்குச் சூடு தாங்கவில்லை என்றால் மலையேறலாம். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கு மேல் ஏற நீலகிரியில் இடம் ஏது?

இதில் எனக்குக் கசப்பானது ஒன்று உண்டு. பருவநிலை மெல்லச் செய்யப்போவதை நாம் அவசரமாகச் செய்து முடித்துவிட்டோம். பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த ஆய்வு, 40 ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. போனது சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும். தரிசு என்று பெயர் வைத்ததால் யாருக்கும் கை கூசவில்லை. என் கையும் அதில் இருந்தது.

கார்பன் கணக்குக்கு வருகிறேன். புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் தரைக்குக் கீழே, வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. சதுப்பின் பீட் என்பதே பல்லாயிரம் ஆண்டு சேமிப்பு. நீர் வற்றினால் அதுவும் மக்கத் தொடங்கி காற்றில் கலக்கும். நீலகிரி கிளென்மார்கனில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைநீர் குறைந்ததை வருடக்கணக்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா ஆறாகிப் பவானிக்குத்தான் வருகிறது. பவானி எங்கே வருகிறது என்று ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், புல்வெளிக்குள் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கும் வேலை இருக்கிறது. வனத்துறையிடம் அனுமதி கேட்கும்போது அதற்குக் கேளுங்கள். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டுப் போனால் திரும்ப வரும். பிள்ளைகளைத் தை மாதத்தில் இன்னொரு முறை கூட்டிப்போங்கள். விடியும்முன் கிளப்புவது கஷ்டம்தான், ஸ்வெட்டர் நிறைய வேண்டும்.

500 கன்றும் என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. வேம்பும் புங்கனுமாக இருந்தால் உங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே தொடங்குங்கள். ஈரோட்டு வெயிலுக்கு அது வேண்டியிருக்கிறது.